வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ், ஸ்பைவேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான பக்கம் இது. மெனுக்களின் பெயர்களைத் திரையில் தெரிகிற ஆங்கிலப் பெயராகவே, தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தேடிக் கண்டுபிடிக்க அதுதான் வசதி.

காசு கொடுத்து ஆன்டி வைரஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸுடனேயே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். ஆனால் அது உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். நிறைய வீடுகளில் அது அணைந்தே கிடக்கிறது, யாருக்கும் தெரிவதில்லை.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தேடித் திறக்கவும். "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்" பகுதிக்குள் "மேனேஜ் செட்டிங்ஸ்" இருக்கும். அங்கே "ரியல்-டைம் புரொடெக்‌ஷன்", "டாம்பர் புரொடெக்‌ஷன்" இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். இரண்டாவது முக்கியம்: வேறு ஒரு புரோகிராம் டிஃபெண்டரின் அமைப்புகளைக் கமுக்கமாக மாற்றிவிடாமல் தடுப்பது அதுதான்.

அதே பக்கத்தின் கடைசிவரை இறங்கினால் "எக்ஸ்க்ளூஷன்ஸ்" என்று ஒன்று வரும். டிஃபெண்டர் சோதிக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அது. பொதுவாக அது காலியாக இருக்க வேண்டும். சி டிரைவ் முழுவதுமோ, பெயர் புரியாத ஃபோல்டர்களோ அதில் இருந்தால், யாரோ அல்லது ஏதோ ஒரு புரோகிராம் சேர்த்திருக்கிறது என்று அர்த்தம். சி டிரைவே விலக்கப்பட்டிருந்தால், மேலே பச்சை டிக் தெரிந்தாலும் காவல் என்று ஒன்று இல்லை. உடனே நீக்கிவிட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

இன்னொரு சுவிட்சும் உண்டு. "ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்" பகுதியில் "ரெப்யூட்டேஷன்-பேஸ்டு புரொடெக்‌ஷன்" திறந்து, "பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்" என்பதை ஆன் செய்யவும். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பரக் குப்பைகள் பலவற்றை இது வாசலிலேயே நிறுத்தும்.

புது லேப்டாப்போடு ஒரு ஆன்டி வைரஸ் வந்தது. காலக்கெடு முடிந்துவிட்டது என்கிறது. அப்படியே விடலாமா?

விடக் கூடாது. வேறு ஆன்டி வைரஸ் இருந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். அந்த மற்றொன்று காலாவதியாகிப் புதுப்பிக்கப்படாமல் நின்றால், வீட்டுக்கு இரண்டு காவல்காரர் இருந்தும் இருவரும் தூங்குகிற கதை. சந்தா கட்டப் போவதில்லை என்றால் "செட்டிங்ஸ் - ஆப்ஸ் - இன்ஸ்டால்டு ஆப்ஸ்" (விண்டோஸ் 10-இல் "ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்") போய் அதை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு டிஃபெண்டர் எழுந்துவிட்டதா என்று முன்பு சொன்ன இடத்தில் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டி வைரஸை முழுநேரக் காவலுக்கு வைக்கவே வேண்டாம். ஒன்றையொன்று சந்தேகித்துக் கம்ப்யூட்டரைத் திணறடிக்கும்.

கிராக் செய்த மென்பொருளில் நிஜமாகவே வைரஸ் இருக்குமா? கடையிலேயே அப்படித்தானே போட்டுக் கொடுக்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

காசு கொடுக்காமல் மென்பொருளின் லைசென்ஸ் பூட்டை உடைக்கும் கிராக், கீஜென், ஆக்டிவேட்டர் எல்லாமே பெரும்பாலும் ஒரே நிபந்தனையோடு வருகின்றன: "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டி வைரஸை ஆஃப் செய்யவும்." கூடவே ஒரு சமாதானமும் இருக்கும், "கிராக் என்பதால்தான் வைரஸ் என்று காட்டுகிறது, பயப்பட வேண்டாம்." சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். சிக்கலே அதில்தான். நல்லதா கெட்டதா என்று சொல்லக்கூடிய ஒரே கருவியை நீங்களே அணைத்துவிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியையும் கொடுத்து ஓட்டுகிறீர்கள். அதன் பிறகு உள்ளே என்ன வந்தாலும் கேட்க ஆளில்லை. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ஸ்டாப் எனப்படும் ரான்சம்வேர் குடும்பம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பரவியது பெரும்பாலும் இந்த வழியில்தான். ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டைப் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். டவுன்லோடு ஆகும்போது ஆன்டி வைரஸால் உள்ளே எட்டிப் பார்க்க முடியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

இத்தனை ஆபத்துக்குத் தேவையே இல்லை என்பதுதான் வருத்தம். ஆக்டிவேட் செய்யாத விண்டோஸில் திரையின் மூலையில் ஒரு வாசகம் தெரியும், வால்பேப்பர் போன்றவற்றைச் செட்டிங்ஸில் மாற்ற விடாது. ஆனால் பாதுகாப்பு அப்டேட்கள் வரும், டிஃபெண்டர் ஓடும். கிராக் போட்ட விண்டோஸைவிட அது எவ்வளவோ மேல். வேர்டு, எக்செல் வேலைக்கு லிப்ரெஆஃபீஸ் இலவசம். தமிழ் தட்டச்சுக்கென்று கண்ட தளத்திலிருந்து எதையும் இறக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பிலிருந்து தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. "செட்டிங்ஸ் - டைம் அண்ட் லாங்குவேஜ்" போய்த் தமிழைச் சேர்த்தால் போதும்.

கடையில் அசெம்பிள் செய்து வாங்கும்போது விண்டோஸ் லைசென்ஸ் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை என்றால், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் நீங்களே இன்ஸ்டாலர் தயாரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து வந்தேன். பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது. ஃபைல்கள் போய்விட்டதா?

போகவில்லை. ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகினாலே வைரஸ் தானாக ஓடிவிடும். விண்டோஸ் 7 வந்தபோது அந்த ஆட்டோரன் வசதியைப் பென் டிரைவுகளுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தானாக ஓட முடியாததால், உங்களையே கிளிக் செய்ய வைக்கும் தந்திரம் பெருகியது. உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் ஐகானில் ஷார்ட்கட் வைத்துவிடும். கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். அதனால் சந்தேகமே வராது.

ஐகானின் இடது மூலையில் சிறு அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். ரைட் கிளிக் செய்து "பிராப்பர்ட்டீஸ்" போனால் "டார்கெட்" கட்டத்தில் ஃபோல்டர் முகவரிக்குப் பதிலாக சிஎம்டி, டபிள்யூஸ்கிரிப்ட், ரன்டிஎல்எல்32 போன்ற பெயர் தொடங்கி நீளமாக ஏதோ எழுதியிருக்கும். அவை கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் புரோகிராம்கள். உங்கள் போட்டோ ஃபோல்டரைத் திறக்க அவற்றுக்கு அங்கே வேலையே இல்லை.

முதலில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். பென் டிரைவை மட்டும் துடைத்தால், அடுத்த நிமிடமே மறுபடி ஷார்ட்கட் முளைக்கும். பென் டிரைவைக் கழற்றிவிட்டு, "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் - ஸ்கேன் ஆப்ஷன்ஸ்" போய் "மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்" கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே ஸ்கேன் ஓடும். ஏறக்குறைய 15 நிமிடம். ஒளிந்துகொள்ளும் வைரஸ்கள் ஓடாமல் இருக்கும் நேரம் என்பதால் அகப்படும்.

பிறகு பென் டிரைவைச் செருகுங்கள். எதையும் கிளிக் செய்யாமல், "திஸ் பிசி"யில் அந்த டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து "ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்" கொடுங்கள். அடுத்து ஃபைல் எக்ஸ்புளோரரின் "ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் - வியூ" பகுதியில் "ஷோ ஹிடன் ஃபைல்ஸ்" தேர்ந்து, "ஹைடு புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்பதில் உள்ள டிக்கை எடுக்கவும். இப்போது மறைந்திருந்தவை மங்கலாகத் தெரியும். பல நேரம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் இருக்கும், உங்கள் ஃபைல்கள் அத்தனையும் அதற்குள் இருக்கும். உங்களுக்குத் தெரிந்த ஆவணங்கள், படங்களை மட்டும் கம்ப்யூட்டரில் புது ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். அடையாளம் தெரியாத எதையும் எடுக்காதீர்கள். எல்லாம் திறக்கிறதா என்று சரிபார்த்த பிறகு பென் டிரைவை ஃபார்மட் செய்யலாம். அந்த டிக்கைத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

இனிமேல் கடைக்கென்று ஒரு பழைய சின்ன பென் டிரைவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிரின்ட் எடுக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும் அதில் போகட்டும், வீடு திரும்பியதும் ஃபார்மட். குடும்பப் போட்டோ இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கடைக் கம்ப்யூட்டரில் ஒருநாளும் செருகாதீர்கள்.

"நான் ரோபோ அல்ல" என்று நிரூபிக்க ஒரு தளம் விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தச் சொன்னது. செய்யலாமா?

கூடாது. எந்த உண்மையான தளமும் இதைக் கேட்காது.

அந்தப் பக்கத்தின் பட்டனை நீங்கள் தொட்டபோதே ஒரு நீளமான கட்டளை உங்களுக்குத் தெரியாமல் காப்பி ஆகிவிட்டது. விண்டோஸ் + ஆர் அழுத்தினால் "ரன்" கட்டம் திறக்கும். கன்ட்ரோல் + வி அழுத்தினால் அந்தக் கட்டளை அதில் விழும். கட்டம் சிறியது என்பதால் கட்டளையின் வால் மட்டுமே கண்ணில் படும். அந்த வாலில் "ரோபோ அல்ல, சரிபார்ப்பு எண் இத்தனை" என்பதுபோல் எழுதி வைத்திருப்பார்கள். என்டர் தட்டினால் மறைந்திருக்கும் முன்பகுதி ஓடி, வெளியிலிருந்து ஸ்பைவேரை, அதாவது உங்கள் தகவல்களைத் திருடும் மென்பொருளை, இறக்கிவிடும். இங்கே எந்தப் பாதுகாப்புக் குறையும் உடைக்கப்படவில்லை, நீங்களே ஓட்டிய கட்டளை என்பதால் பிரவுசரின் எச்சரிக்கையும் வராது. ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால் அடுத்த பதிலுக்குப் போங்கள், இப்போதே.

ஸ்பைவேர் வந்துவிட்டது என்று சந்தேகம். முதலில் என்ன செய்வது?

இன்றைய ஸ்பைவேர் பெரும்பாலும் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து வேவு பார்ப்பதில்லை. ஓடிய சில நிமிடங்களில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், லாகின் குக்கிகள், டெஸ்க்டாப்பில் உள்ள ஆவணங்கள் ஆகியவற்றை மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, சில நேரம் தன்னையே அழித்தும்விடும். அதனால் பிறகு ஸ்கேன் செய்து "ஒன்றுமில்லை" என்று வந்தாலும் நிம்மதி அடைய முடியாது.

குக்கி என்பது நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான சீட்டு. அதைத் திருடியவருக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஆகவே வரிசை முக்கியம்.

முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள்: வைஃபையை அணையுங்கள் அல்லது கேபிளைப் பிடுங்குங்கள். பாஸ்வேர்டு மாற்றும் வேலையை அந்தக் கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள், புதிய பாஸ்வேர்டும் அதே வழியில் போய்விடும். சுத்தமான மொபைலிலிருந்து முதலில் இமெயில் கணக்கைப் பிடியுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" கடிதமும் அங்கேதான் வரும். கூகுள் கணக்கின் "செக்யூரிட்டி" பகுதியில் "யுவர் டிவைசஸ்" திறந்து, தெரியாத சாதனங்களையும் அந்தக் கம்ப்யூட்டரையும் சைன் அவுட் செய்யுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். மீட்பு மொபைல் எண், மீட்பு இமெயில் உங்களுடையதுதானா என்றும், ஜிமெயிலின் ஃபார்வர்டிங், ஃபில்டர் அமைப்புகளில் அந்நிய முகவரி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து வங்கி, அதன்பின் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் லிங்க்டு டிவைசஸ்.

விண்டோஸை முழுதாகப் புதிதாகப் போட்ட பிறகே கம்ப்யூட்டரைத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பதே எங்கள் ஆலோசனை. பணமும் போயிருந்தால், அதற்கு முன் இந்தப் பக்கத்தின் கடைசிப் பதிலைப் படியுங்கள். ஆதார், பான் நகல்களும் பாஸ்வேர்டு எழுதிய நோட்பேட் ஃபைலும் டெஸ்க்டாப்பில் இருந்தால், அவையும் போய்விட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

திரை முழுக்கச் சிவப்பாக "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்" என்று வந்து, ஒரு எண்ணுக்கு அழைக்கச் சொல்கிறதே?

அது வெறும் வலைப்பக்கம். பிரவுசருக்குள் இருக்கும் ஒரு பக்கத்தால் உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை வைரஸ் இருக்கிறது என்று எண்ண முடியாது. எஸ்கேப் கீயைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். போகவில்லை என்றால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்து "எண்ட் டாஸ்க்". மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

திரையின் வலது கீழ் மூலையில் அடிக்கடி இப்படிச் செய்தி வந்தால், எப்போதோ ஒரு தளத்துக்கு "அலோ" அழுத்தியிருக்கிறீர்கள். குரோமில் "செட்டிங்ஸ் - பிரைவசி அண்ட் செக்யூரிட்டி - சைட் செட்டிங்ஸ் - நோட்டிஃபிகேஷன்ஸ்" போய்த் தெரியாத பெயர்களை நீக்குங்கள். கூடவே எக்ஸ்டென்ஷன்களையும் ஒருமுறை பாருங்கள். எதற்கு என்று நினைவில்லாதவை எல்லாம் போகட்டும்.

வங்கியிலிருந்து, மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம் என்று எனிடெஸ்க் போடச் சொல்கிறார்கள்.

போனை வைத்துவிடுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் தொலைவிலிருந்தே இன்னொரு கம்ப்யூட்டரை இயக்க உதவும் நேர்மையான மென்பொருள்கள்தான். அதனால்தான் ஆன்டி வைரஸ் அவற்றைத் தடுப்பதில்லை. அது திரையில் காட்டும் எண்ணைச் சொல்லி அனுமதி கொடுத்த கணத்திலிருந்து மவுஸ் அவர்கள் கையில். கொடுத்துவிட்டிருந்தால் இன்டர்நெட்டைத் துண்டித்து, அந்த மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்து, ஸ்பைவேர் பதிலில் சொன்ன வரிசையைப் பின்பற்றுங்கள்.

கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக இருக்கிறது. வைரஸ்தானே?

பெரும்பாலும் இல்லை. 4 ஜிபி ரேம், சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் என்றால் விண்டோஸ் 10 எப்படியும் தவழும். டாஸ்க் மேனேஜரில் "டிஸ்க்" நெடுவரிசை 100 சதவீதத்திலேயே நின்றால் அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி எனப்படும், சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கைப் போடுவதுதான் மருந்து. நீங்கள் எதுவும் செய்யாமல் இருக்கும்போது ஃபேன் அலறி, டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் அடங்கினால் மட்டும் சந்தேகப்படுங்கள். உங்கள் மின்சாரத்தில் கிரிப்டோ காசு உருவாக்கும் சில திருட்டு மைனர்கள் அப்படித்தான் ஒளியும். ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். "கிளீனர்", "பூஸ்டர்" என்று விளம்பரம் வரும் எதையும் நிறுவாதீர்கள்.

வீட்டில் எல்லோரும் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறோம். குழந்தைகள் எதையாவது இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள்.

இரண்டு வகைக் கணக்கு வையுங்கள். "செட்டிங்ஸ் - அக்கவுண்ட்ஸ் - அதர் யூசர்ஸ்" (விண்டோஸ் 10-இல் "ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்") போய்ப் புதுக் கணக்கு உருவாக்கி, அதை "ஸ்டாண்டர்டு யூசர்" ஆக விடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்குத் தனிப் பாஸ்வேர்டு, அது பெரியவர்களிடம் மட்டும். பெரியவர்களும் அன்றாடம் ஸ்டாண்டர்டு கணக்கையே பயன்படுத்தினால் இன்னும் நல்லது. அப்போது கேமில் மாற்றம் செய்ய இறக்கிய ஒரு "மாட்" (mod) ஃபைல் கம்ப்யூட்டர் முழுமைக்கும் கை வைக்க முயன்றால், திரை இருண்டு பாஸ்வேர்டு கேட்கும். அந்த ஒரு நிமிட நிறுத்தம் நிறையக் காப்பாற்றும்.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கணக்குக்குள்ளேயே சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளைத் திருட ஸ்பைவேருக்கு அட்மின் அனுமதி தேவையில்லை. அதனால் குழந்தைகள் விளையாடும் கணக்கில் வங்கித் தளத்தைத் திறக்க வேண்டாம்.

"பிடிஎஃப்" என்று பார்த்துத்தான் திறந்தேன். எப்படி வைரஸ் ஆனது?

ஃபைலின் முழுப் பெயர் "பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்று இருந்திருக்கும். விண்டோஸ் வழக்கமாகக் கடைசி ஒட்டை மறைத்துவிடும், உங்களுக்குத் தெரிவது "பில்.பிடிஎஃப்" மட்டும். ஐகானையும் பிடிஎஃப் போலவே வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து "வியூ - ஷோ - ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10-இல் "வியூ" டேபிலேயே அது இருக்கும். இஎக்ஸ்இ, எஸ்சிஆர், ஜேஎஸ், விபிஎஸ், எல்என்கே, எம்எஸ்ஐ என்று முடியும் எதுவும் பில்லோ, போட்டோவோ, வேலை உத்தரவோ அல்ல.

விண்டோஸ் 10 தான் இருக்கிறது. ஆபத்தா?

2025 அக்டோபர் 14-உடன் அதற்கான இலவச ஆதரவு முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைக்கச் சம்மதித்தால், கூடுதல் பாதுகாப்பு அப்டேட்கள் 2026 அக்டோபர் 13 வரை கட்டணமின்றிக் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். "செட்டிங்ஸ் - அப்டேட் அண்ட் செக்யூரிட்டி - விண்டோஸ் அப்டேட்" பக்கத்தில் "என்ரோல்" என்ற இணைப்பைத் தேடுங்கள்.

டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 வரை வரும். அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. விண்டோஸில் இருக்கும் ஓட்டையை அடைப்பது அப்டேட்டின் வேலை, ஓட்டை வழியே வருபவரைப் பிடிப்பது டிஃபெண்டரின் வேலை. 2017 மே 12-இல் உலகையே உலுக்கிய வான்னாகிரை ரான்சம்வேர் பரவிய ஓட்டைக்கு அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே அப்டேட் வந்துவிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள்.

இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர் என்றால் விண்டோஸ் 11 பெரும்பாலும் முறைப்படி ஏறாது. பழைய கம்ப்யூட்டரில் இணையம், படம், கடிதம் இவ்வளவுதான் வேலை என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நல்ல வழி.

போட்டோ எல்லாம் திறக்க மாட்டேன் என்கிறது, பெயருக்குப் பின்னால் புது ஒட்டு, பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். மீட்க முடியுமா?

ரான்சம்வேர். பணம் கட்டாதீர்கள், சாவி வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பூட்டப்பட்ட ஃபைல்களை அழிக்கவும் வேண்டாம். அவற்றையும் அந்த டெக்ஸ்ட் ஃபைலையும் வேறொரு டிரைவில் எடுத்து வையுங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் கூட்டாளிகளும் 2016-இல் தொடங்கிய "நோ மோர் ரான்சம்" தளத்தில், பூட்டப்பட்ட மாதிரி ஃபைல் ஒன்றைக் கொடுத்து எந்த வகை, இலவசச் சாவி இருக்கிறதா என்று பார்க்கலாம். இன்று இல்லாத சாவி பின்னால் வெளிவருவதும் உண்டு. ஸ்டாப் வகை ஒவ்வொரு ஃபைலின் முதல் 150 கேபி அளவை மட்டுமே பூட்டும். அதனால் பெரிய வீடியோக்களில் ஒரு பகுதியை மீட்க வாய்ப்பிருக்கிறது. சிறிய போட்டோக்களுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு.

உறுதியான வழி பேக்கப் மட்டுமே. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் மாதம் ஒருமுறை காப்பி எடுத்து, கழற்றி அலமாரியில் வையுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்து பூட்டப்படும். கல்யாண ஆல்பம், குழந்தைப் படங்கள் போன்றவை இன்னொரு பிரதியாக கிளவுடிலும் இருக்கட்டும்.

ஃபார்மட் செய்தால் எல்லா வைரஸும் போய்விடுமா?

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருபவை ஏறக்குறைய எல்லாமே போய்விடும். "செட்டிங்ஸ் - சிஸ்டம் - ரெக்கவரி - ரீசெட் திஸ் பிசி" (விண்டோஸ் 10-இல் "சிஸ்டம்" என்பதற்குப் பதில் "அப்டேட் அண்ட் செக்யூரிட்டி") போய் "ரிமூவ் எவ்ரிதிங்", பிறகு "கிளவுட் டவுன்லோடு" தேர்வு செய்யுங்கள். ஏறக்குறைய 4 ஜிபி டேட்டா செலவாகும். சி டிரைவை மட்டும் அழித்து, டி டிரைவில் அதே பழைய கிராக் இன்ஸ்டாலரை வைத்திருந்து மறுபடி ஓட்டினால், வந்தது திரும்ப வரும். ஃபார்மட் செய்தும் வைரஸ் போகவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பணம் போய்விட்டது. யாரிடம் சொல்வது?

இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்கினால்தான் மீளும். பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வங்கிக்கும் தனியாகத் தெரிவித்துப் புகார் எண் வாங்குங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் கவனக்குறைவால் நடந்த இழப்பாகவே இருந்தாலும், வங்கிக்குத் தகவல் கொடுத்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு. ஆகவே தகவல் கொடுத்த நேரத்துக்கு ஆதாரம் வேண்டும்: எஸ்எம்எஸ், இமெயில் எதையும் அழிக்காதீர்கள். அதன்பின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள், ஸ்கிரீன்ஷாட்களோடு. புகார் முடியும்வரை கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்ய வேண்டாம். அணைத்து, இணையம் இல்லாமல் ஓரமாக வையுங்கள்.